முதல் கிராப்பு

எனக்குப் பத்தொன்பது வயதாகும்வரை என் தலைமுடி அம்மாவின் பொறுப்பில் இருந்தது.

கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வரிசையில் எங்களுக்கு ஓர் அறை. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். வாரம் முழுவதும் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடி, மரம் சீவி, பால் வாளி சுமந்து அலுத்துப்போன அம்மா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வாசலில் கால் நீட்டி உட்காருவாள். என்னை முன்னால் இழுத்து உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, உச்சியிலிருந்து நுனிவரை இழுத்து இழுத்துத் தடவுவாள். இடுப்புக்கும் கீழே வரும் முடி. பின்னி முடித்ததும் நுனியைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் பார்த்துச் சந்தோஷப்பட வேறு பொருள் இருக்கவில்லை.

அதே நேரத்தில் எதிரே, மளிகைக் கடைக்குப் பக்கத்து மரத்தின் கீழ், தோட்டத்து நாவிதர் வேலை செய்துகொண்டிருப்பார். ஆண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். குனிந்த பிடரியில் கத்தி ஓடும்போது அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதை அம்மாவின் கைகளுக்குள் தலையை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் பெண்ணில்லை என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்று சொல்ல முடியவில்லை. பசி எப்போது தெரிந்தது என்று யாராலும் சொல்ல முடியுமா? அதற்கு ஒரு பெயர் இருப்பதாகத் தெரியாது. பெண்ணாக உடுத்திக்கொண்ட ஆண்களைப் பற்றித் தோட்டத்தில் கேலி பேசுவார்கள். அதற்கு மறுபக்கமாகப் போனவர்களைப் பற்றிக் கேலியாகக்கூட யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால் உலகத்தில் நான் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தோட்டத்தை விட்டுப் போவதற்கு முந்தின வருஷம் அண்ணன் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்போடு வந்து நின்றான். கிள்ளானில் ஏதோ சீர்திருத்தக் கூட்டத்துக்குப் போனவன், பேச்சைக் கேட்ட சூட்டில் அங்கேயே முடி வெட்டும் கடையில் உட்கார்ந்துவிட்டானாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா சாகும்போதும் குடுமியோடுதான் செத்தார் என்றாள். இரண்டு நாள் அவனுக்குச் சோறு போடவில்லை. மூன்றாம் நாள் போட்டாள். ஒரு வாரத்தில் லயம் முழுவதும் அதை மறந்துவிட்டது. அவன் சட்டைக் கழுத்துக்கு மேலே வெறுமையாகத் தெரிந்த பிடரியைப் பார்த்துப் பார்த்து நான் மட்டும் மறக்காமல் இருந்தேன்.

பிறகு கங்காணி வீட்டு உறவில் எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். நல்ல மனிதர்தான். பெண் பார்க்க வந்தபோது அம்மா என் பின்னலை முன்னால் எடுத்து மடியில் விட்டாள். வந்திருந்த பெண்கள் அதைத் தூக்கிப் பார்த்து, "சவுரி இல்லையே?" என்று சிரித்தார்கள். அன்றைக்கு மாலையில் மரம் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனேன். பின்னலைப் பிடித்து ஒரு கற்றையை அறுத்தேன். அதற்கு மேல் கை வரவில்லை. வலித்ததால் இல்லை. கண்டபடி அறுத்துக்கொண்டு வந்து நின்றால், பேய் பிடித்தவள் என்பார்கள், தலையில் நோய் என்பார்கள். யாரும் என்னை ஆண் என்று சொல்லமாட்டார்கள். தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள ஒருவராலும் முடியாது. எனக்கு இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

நிச்சயம் முடிந்த மறுவாரம், ஒரு வேலை நாளில், சீவ வேண்டிய மரங்களில் பாதியை முடித்துவிட்டு வாளியை ஒரு மரத்தடியில் வைத்தேன். முந்தின நாளே வாய்க்கால் பாலத்தின் கீழே அண்ணனுடைய கைலியும் சட்டையும் ஒளித்து வைத்திருந்தேன். மார்பை ஒரு பழைய துணியால் இறுக்கிக் கட்டினேன். மூக்குத்தியைக் கழற்றி வாளிக்குள் போட்டேன். அம்மா பின்னிவிட்ட பின்னலை அவிழ்க்காமல் சுருட்டி உச்சியில் வைத்து அதன் மேல் முண்டாசு கட்டினேன். கிள்ளான் ஸ்டேஷனுக்கு நடந்து, மூன்றாம் வகுப்பில் கோலாலம்பூருக்கு ஏறினேன். வழியெல்லாம் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அங்கே பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளுக்கு விறகு போடும் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. பிளக்க வேண்டும், கட்ட வேண்டும், தலையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும். விறகுக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. தனியாகப் படுக்க இடம் கிடைத்ததுதான் எனக்குக் கூலியைவிடப் பெரியது. ஆனால் முண்டாசை அவிழ்க்க முடியவில்லை. சுமையின் அடியில் முடி ஒரு பலாப்பழம் மாதிரி அழுத்தும். உச்சி கொதிக்கும். காற்று அடித்தால் கை தானாக மேலே போய்விடும். எட்டு நாள் பார்த்த முதலாளி ஒன்பதாம் நாள் கேட்டுவிட்டார்.

"ஏன்டா தம்பி, தலையில என்ன புண்ணா? சாப்பிடறப்பகூட அவுக்க மாட்டேங்கறே?"

"ஆமா முதலாளி. சூட்டுக் கொப்பளம்."

"மொட்டை போட்டுட்டு மருந்து தடவு. தொத்து நோயா இருந்தா இங்க இருக்கக் கூடாது."

அன்று மத்தியானமே போனேன். கோயிலுக்குப் போகும் சந்து முனையில் ஒரு தமிழர் கடை வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும், மெலிந்த ஆள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, சுவரில் ஒரு முருகன் படம். சாப்பாட்டு நேரம் என்பதால் வேறு யாரும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பழக்கத்தில் முண்டாசை அவிழ்த்தார். பின்னல் சரிந்து நாற்காலியின் முதுகு தாண்டிக் கீழே தொங்கியது.

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"வேண்டுதலா?"

"ஆமாண்ணே."

"எந்தச் சாமிக்கு?"

"பத்துமலை முருகனுக்கு."

"அப்ப பத்துமலையில போய் எறக்கு. இங்க எதுக்கு வந்தே?"

அவர் மெதுவாக வந்து முடியைக் கையில் எடுத்தார். நடுவகிட்டை விரலால் தடவினார். பத்தொன்பது வருஷம் ஒரே இடத்தில் வகிடு எடுத்த கோடு, மண்டையில் ஒற்றையடிப் பாதை மாதிரிப் பதிந்திருக்கும். பிறகு என் முன்னால் வந்து முகத்தைப் பார்த்தார். மூக்கு ஓட்டையில் நான் அழுக்கையும் மெழுகையும் உருட்டி அடைத்திருந்தேன். அவர் அதைத்தான் பார்த்தார். போய் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கதவை மட்டும் சாத்தினார்.

"எந்திரிம்மா. பொம்பளைங்களுக்கு நான் வெட்டறதில்ல."

"நான் பொம்பளை இல்லண்ணே."

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரிடம் சொல்வேன், எப்படிச் சொல்வேன் என்று எத்தனையோ வருஷம் மனதுக்குள் உருட்டி வைத்திருந்தேன். சொன்னதும் கூரை இடிந்துவிடவில்லை. அவர் காதில் அது விழுந்த மாதிரியே இல்லை.

"யாராச்சும் தொரத்தறாங்களா?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "புருஷனா? கங்காணியா? ஆம்பளை வேஷம் போட்டுத் தப்பிக்கப் பாக்கறியா?"

அவர் முகத்தில் இரக்கம் வந்திருந்தது. அந்த இரக்கத்தில் எனக்கு ஓர் இடம் இருப்பது தெரிந்தது. பயந்து ஓடிவந்த ஒரு பெண்ணாக இருந்தால் அவர் வெட்டிவிடுவார். நான் சொன்ன உண்மைக்கு வெட்டமாட்டார். நான் யோசித்துப் பார்க்கக்கூட இல்லை.

"ஆமாண்ணே. தொரத்தறாங்க," என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் நான் இருந்திருக்க முடியாது. ஆனால் இந்த ஒன்றுதான் ரொம்ப நாள் அறுத்துக்கொண்டிருந்தது. ஆணாக வெளியே வருவதற்கு, நான் பெண் என்று ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் கத்தரியை எடுத்தார். இரண்டு தடவை சுத்தமான கத்தரியையே மறுபடி துடைத்தார்.

"ஊர்ல அக்கிரகாரத்துல எங்க அப்பாகூடப் போவேன்," என்றார், என்னைப் பார்க்காமல். "புருஷன் செத்தா தலையை மழிக்கணும். ஒரு தடவ ஒரு புள்ள, பதினாலு வயசிருக்கும். நாலு பேரு புடிச்சிக்கிட்டாங்க. கத்தி வெக்கறப்ப அது கத்துன கத்து... அதுக்கப்பறந்தான் நான் கப்பல் ஏறுனேன். பொம்பளை தலையில கை வெக்க மாட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன். நீயா வந்து உக்காந்துட்டே."

பின்னலை அடியில் இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டுக்கு மேலே கத்தரியை வைத்தார். ஒரே வெட்டில் போகவில்லை. ஈரக் கயிற்றை அறுக்கிற மாதிரி நாலைந்து தடவை கரகரவென்று சத்தம். திடீரென்று தலை முன்னால் ஆடியது. பின்னால் இழுத்துக்கொண்டிருந்த பாரம் இல்லாமல் கழுத்து தடுமாறியது. பிறகு அவர் சீப்பும் கத்தரியுமாக வேகமாக வேலை செய்தார். காது மேலே, பிடரியிலே, கடைசியாகக் கத்தியை வைத்து ஓரம் எடுத்தார். பிடரியில் இரும்பு பட்டபோது, தோட்டத்தில் பார்த்த ஆண்கள் மாதிரி நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் அண்ணன் முகம் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன். கண்ணாடியில் இருந்தது அம்மாவின் முகம். அவளுடைய தாடை, அவளுடைய நெற்றி. முடி இருந்தவரை அது தெரியவேயில்லை. சந்தோஷம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

அவர் பின்னலைப் பழைய காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்தார். "இதக் கடையில வெக்க மாட்டேன். எடுத்துட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வந்துறாத. ஒன்னத் தேடி யாராச்சும் வந்தா நான் பாக்கலன்னுதான் சொல்லுவேன்."

அப்படியே ஆற்றங்கரைக்குப் போனேன். காகிதத்தைப் பிரித்துப் பின்னலைத் தண்ணீரில் போட்டேன். மூழ்கும் என்று நினைத்தேன். அது மூழ்கவில்லை. எண்ணெய் ஊறிய முடி மிதந்து, கொஞ்ச தூரம் போய், கரையோரப் புல்லில் மாட்டிக்கொண்டது. எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இறங்கி எடுக்கத் துணிவில்லாமல் வந்துவிட்டேன்.

விறகுக் கடைக்குத் திரும்பியபோது முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொட்டை போடச் சொன்னா கிராப்பு வெட்டிட்டு வந்து நிக்கறே. கொப்பளம் எங்கடா?"

"ஆறிடுச்சு முதலாளி."

"இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கே," என்று சொல்லிவிட்டு அடுத்த சுமையைக் காட்டினார்.

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு அன்று மாலைவரை எத்தனை வீடுகளுக்கு விறகு போட்டேன் என்று தெரியாது. வீட்டுப் பெண்கள், "தம்பி, பின்னால கொண்டு போய்ப் போடுப்பா," என்றார்கள். வியர்த்த பிடரியில் காற்று பட்டது. அந்த ஒரு நாள் எனக்குப் பயம் இருக்கவில்லை.

ஆனால் கிராப்பு ஒரு நாள் வேலை இல்லை. மூன்று வாரத்தில் காதை மூடிக்கொண்டு வளர்ந்தது. முடி நீண்டால் என் முகம் மறுபடி பெண் முகமாகிவிடும் என்கிற பயம் பிடித்துக்கொண்டது. பழைய கடைக்குப் போக முடியாது. ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கடை இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் அரைகுறை. அதனால் அங்கே போனேன். அவர் எதையும் கேட்கவில்லை. முடியை வெட்டிவிட்டு, வழக்கப்படி கன்னம் முழுவதும் சோப்பு நுரையைப் பூசி, இல்லாத தாடியைக் கத்தியால் வழித்தார். மேலுதட்டில் வந்தபோது நிறுத்தி, "பெலும் லாகி," என்று சிரித்தார். இன்னும் வரவில்லை, வரும் என்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. வராது என்று எனக்குத்தானே தெரியும்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் முழுவதும் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கழுத்துவரை வெள்ளைத் துணி. யாரோ உள்ளே வந்து பின்னாலிருந்த பெஞ்சில் உட்காருவது கண்ணாடியில் தெரிந்தது. அண்ணன்.

இளைத்துப்போயிருந்தான். சவரம் செய்யாத முகம். என் தலையின் பின்பக்கத்தைத்தான் அவன் பார்க்க முடிந்தது. கண்ணாடியில் தெரிந்தது வெறும் நுரை.

"தம்பி தமிழ்தானே?" என்றான். "இந்தப் பக்கந்தான் வேலையா?"

தலையை மட்டும் அசைத்தேன். வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி இங்க ஆத்துல ஒரு பொம்பளையோட முடி கெடைச்சிச்சாம். துணி வெளுக்கறவரு எடுத்தாராம். தெரியுங்களா?"

இல்லை என்று அசைத்தேன். சீனர் என் நெற்றியை அழுத்திப் பிடித்து, ஆடாதே என்று ஏதோ சொன்னார்.

"என் தங்கச்சி முடிதான். போலீஸ்ல காட்டுனாங்க. எங்கம்மா பின்னுன பின்னல் எனக்குத் தெரியாதா? முடிதான் கெடைச்சிச்சு, ஆளு கெடைக்கலங்கறாங்க. யாரோ வெட்டிப்புட்டு ஆத்துல தள்ளிட்டாங்கன்னு அம்மா சொல்லுது. அன்னிலேருந்து படுத்த படுக்கை. தோட்டத்து ஆஸ்பத்திரியில போட்டிருக்கு. நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து கேட்டுட்டுப் போறேன். எவனாச்சும் பாத்திருக்க மாட்டானாங்கற ஒரு நப்பாசதான்."

தொண்டைக் குழியில் கத்தி ஊர்ந்துகொண்டிருந்தது. எச்சில் விழுங்கக்கூட முடியாமல் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அந்தப் பின்னலை நான் புதைத்திருக்கலாம், எரித்திருக்கலாம். என் பாரத்தைத் தொலைக்கிற அவசரத்தில் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தேன். அம்மா நான்கு மாதமாக அதை வைத்து என் சாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சீனர் வழித்து முடித்து, சூடான துணியால் என் முகத்தைத் துடைத்தார். துணியை எடுத்தார். கண்ணாடியில் அம்மாவின் முகம்.

அண்ணன் எழுந்து நின்றான். பிறகு, "வெளிய வா," என்றான்.

ரயில் கேட்டைத் தாண்டி ஒரு மரத்தடியில் நின்றோம். கை ஓங்கியவன் அடிக்கவில்லை. சின்ன வயதில் சண்டை வந்தால் என் பின்னலைப் பிடித்துத்தான் இழுப்பான். அதே பழக்கத்தில் கை என் தலைக்குப் பின்னால் போயிற்று. பிடிக்க எதுவும் இல்லை. விரல்கள் வழுக்கின. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நீ சாகல."

"இல்லண்ணே."

"எவன்கூட ஓடி வந்தே?"

"யார்கூடவும் வரல."

"பொய் சொல்லாத. எவனாச்சும் இருக்கணும்."

"இருக்கான். அது நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"நீ குடுமிய எடுத்துட்டு வந்தப்ப எங்கிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டேன். "கண்ணாடியில பாத்தப்பத்தான் நான் நானா இருந்தேன்னு சொன்னியே."

"அது வேற."

"எனக்கு வேறயாத் தெரியலண்ணே."

அவன் மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தான். ஒரு ரயில் போயிற்று. கடைசியில், "அடுத்த ஞாயித்துக்கெழம கிள்ளானுக்கு வா. அம்மா ஒன்னப் பாக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சவரம் செய்துகொள்ள வந்தவன் செய்யாமலே போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ஸ்டேஷனில் அண்ணன் கையில் ஒரு துணி மூட்டையோடு நின்றிருந்தான். பிரித்துக் காட்டினான். என் பழைய சேலை, ரவிக்கை.

"இதக் கட்டிக்க. தலைக்கு முக்காடு போட்டுக்க. அஞ்சு நிமிஷம். அம்மாவுக்காகக் கேக்கறேன்."

மூட்டையை வாங்கிக்கொண்டு கக்கூஸுக்குள் போனேன். சேலையை எடுத்தேன். அதில் இன்னும் எங்கள் அறையின் புகை வாசம் இருந்தது. அம்மாவுக்காக அதைக் கட்டிக்கொள்வதில் என்ன போய்விடும் என்று என்னையே கேட்டேன். ஐந்து நிமிஷம். பத்தொன்பது வருஷம் பெண்ணாக உடுத்தியவன்தானே. ஆனால் கட்டினால் அவள் தேறுவாள், தேறினால் நாளைக்கும் கேட்பாள், நான் மறுபடி வருவேன், பிறகு என்னால் திரும்ப முடியாது. அரைமணி நேரம் அங்கே நின்றிருப்பேன். சேலையை மடித்து மூட்டையிலேயே வைத்துக் கட்டி, உள்ளே போன அதே சட்டை கைலியோடு வெளியே வந்தேன். அண்ணன் பார்த்தான். மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஆஸ்பத்திரி என்றால் பலகைச் சுவர் வைத்த ஒரு நீளக் கொட்டகை. அம்மா கடைசிக் கட்டிலில் இருந்தாள். இவ்வளவு சின்னவளாக அவளை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் குந்தினேன். அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். கை எழுந்து என் உச்சியில் பட்டது. அப்படியே தடவிக்கொண்டு பின்னால் போயிற்று. பிடரிக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. முடி இல்லாத இடத்தில், வெறும் காற்றில், முதுகின் ஓரமாகக் கீழே கீழே போய், பின்னலின் நுனி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. அந்த விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மூடிக்கொண்டன.

"தம்பி," என்றாள். "என் பொண்ணப் பாத்தியா?"

காய்ச்சலில் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா? வருஷக்கணக்காக இதை நினைத்துப் பார்க்கிறேன். கண்கள் தெளிவாகத்தான் இருந்தன.

"பாத்தேம்மா," என்றேன்.

"உசிரோட இருக்காளா?"

"இருக்கா."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாம்மா. வேளைக்குச் சாப்பிடறா."

அவள் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் எழுந்து வந்தேன். வாசலில் அண்ணன் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

அம்மா தேறினாள். அந்த வாரமே கஞ்சி குடித்தாள் என்று அண்ணன் வந்து சொன்னான். ஆனால் என்னை மறுபடி அழைத்துவரச் சொல்லவில்லை, என் பேச்சையே எடுக்கவில்லை என்றும் சொன்னான். நானும் போகவில்லை.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அம்மாவும் அண்ணனும் போகிற நாளன்று துறைமுகத்துக்குப் போனேன். கூட்டம் தாங்கவில்லை. எல்லோர் தலையிலும் மூட்டை. அண்ணன் என்னைக் கண்டுபிடித்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா வரிசையில் நின்றிருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் ஏறும்வரை திரும்பவில்லை.

அண்ணன் அவ்வப்போது கடிதம் போடுவான். மழை, நிலம், அவனுக்குப் பிள்ளை பிறந்தது. ஆறேழு வருஷம் கழித்து அம்மா போய்விட்டதாக ஒரு கடிதம் வந்தது. விறகுக் கொட்டகையில் நின்றே படித்தேன். எப்படிப் போனாள் என்று நாலு வரி. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்: "அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது இளையவன் முறை. நீ இங்கே இல்லாததால் நான் வைத்தேன். நான் மொட்டை எடுத்துவிட்டேன். நீயும் எடுத்துக்கொள்."

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அம்மா இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாளா? அவள் கடைசிவரை தேடியது அவள் பெண்ணை. அந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டு போனவன் நான். அப்படி எடுத்துப்போனவனே அவளுக்காகத் தலைமுடியைக் கொடுப்பது எந்த முறை? எனக்கு அப்போதும் விடை தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

போனேன். புதிதாக வந்திருந்த ஒரு தமிழர் கடை.

"மொட்டையா? யாருக்கு?" என்றார்.

"அம்மாவுக்கு."

அவர் முகம் மாறியது. மேற்கொண்டு கேட்காமல் தண்ணீரை எடுத்து என் தலையில் தெளித்து, உச்சியில் கத்தியை வைத்தார். முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. முடிந்ததும் எழுந்து வெளியே வந்தேன். வெயில் நேராக மண்டையில் இறங்கியது. ரயில்வே வீடுகளுக்கு அன்றைக்குப் போட வேண்டிய விறகு அப்படியே கிடந்தது. சும்மாட்டை வைத்து முதல் கட்டைத் தூக்கினேன்.